வீடு பார்க்கும் வெள்ளி

வயல்வெளி நிறைய உள்ள மீராசாஹிபுப் போடியார் தாம் வாடகைக்குக் கொடுத்த வீட்டை மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பார்க்க வருவார். கல்முனைக்குடியில் ஜும்ஆ தொழுதுவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு மருதமுனைக்கு நடந்தே வருவார். அவரிடம் வண்டில் இருந்தது, மாடும் இருந்தது. வெள்ளிக்கிழமை மாட்டுக்கும் ஓய்வு வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

வந்தால் முதலில் வீட்டுக்கு ஸலாம் சொல்லிவிட்டுத்தான் வீட்டிலுள்ள மனிதருக்குச் சொல்லுவார் என்று ஊரில் ஒரு கதை இருந்தது. அது கூட்டிச் சொன்னது. ஆனால் அவர் சுவரை நக்கிப் பார்ப்பது மெய். கடற்காற்றில் சுண்ணாம்பு உப்புப் பிடித்துவிட்டதா என்று வாசற் சுவரில் ஓர் இடத்தில் நாக்கை வைப்பார். எப்போதும் அதே இடம்தான். நாளாக நாளாக அந்த இடம் கிண்ணம் மாதிரிக் குழிந்து, ஒரு மாரி காலத்தில் அதற்குள் ஒரு தவளை குடியேறியது. அதைப் போடியார் ஒன்றும் கேட்கவில்லை. அது சுவரில் ஆணி அடிக்கவில்லையே.

அந்த வீட்டில் வாடகைக்கு இருந்தவள் றாபியா. அவளுடைய புருஷன் நூஹுவும் இருந்தான்; ஆனால் அந்தப் பக்கத்தில் வீடு என்றால் பெண்ணைச் சேர்ந்தது. பெண்பிள்ளை பிறந்த அன்றே வாப்பாக்காரன் கல்லும் மரமும் சேர்க்கத் தொடங்குவான். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வந்து சேருவான். அதனால் குடும்பத்தோடு வாடகைக்கு இருப்பதென்பது ஊரில் காணாத காட்சி. வீடில்லாத பெண்ணைக் கண்டால், பல்லில்லாத குழந்தைக்குச் சோறு கொடுப்பதுபோல எல்லாரும் மெதுவாகக் கதைப்பார்கள்.

றாபியாவுக்கும் வீடு இருந்ததுதான். மண் வீடு. ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளத்தில் அது தேத்தண்ணிக்குள் போட்ட சீனி மாதிரிக் கரைந்தது. மிஞ்சியது ஒரு கதவு. அவளுடைய தறியும் மிதந்து போய்விட்டது. வெள்ளம் மேற்கேயிருந்து கடலுக்கு வந்தது. தறி கடலைப் பாராமல் மேற்கே போனது. அது ஏன் என்று இன்றுவரை எவரும் சொன்னதில்லை. மூன்று மாதம் கழித்துப் பிறர் நெய்த சாறன் துணிகளை விற்கச் சவளக்கடைக்குப் போன நூஹு, ஒரு வயற்காரர் வீட்டில் கன்று கட்டியிருந்த தூணைக் கண்டு நின்றுவிட்டான். அது றாபியாவின் தறிக்கட்டை. மற்றக் கட்டைகள் மாடு அடைக்கும் காலைக்கு வாசற் படலையாகியிருந்தன. வயற்காரர் நல்ல மனிதர். கன்றை அவிழ்த்து வேலியில் கட்டிவிட்டுத் தறியைக் கொடுத்தார்.

இதற்கிடையில் அவர்கள் போடியாருடைய வீட்டுக்குக் குடி வந்திருந்தார்கள். அது அவர் மகள் ஜெமீலாவுக்கென்று கட்டிய வீடு. கல்வீடு, சிவப்புச் சீமெந்துத் தரை. அந்தத் தரையின் மினுக்கத்தில் தன்னைக் கண்டு வேறு காகமென்று நினைத்துச் சண்டைக்குப் போன ஒரு காகம், அலகு உடைந்து, அன்றோடு சோறு மட்டும் தின்னப் பழகிக்கொண்டது. பூட்டிக் கிடக்கிற வீட்டில் வௌவாலும் ஜின்னும் குடியேறும், விளக்கு எரியவேண்டும் என்றுதான் போடியார் ஆள் வைத்தார்.

"ஆணி அடிக்கப்படா. உள்ளுக்கு அடுப்பு மூட்டப்படா. தறி மட்டும் வேணவே வேணாம். தறியெண்டா தரைய வெட்டணும்" என்றார்.

"தறியா? அது வெள்ளத்தோட போயிற்றே போடியார்" என்றான் நூஹு. சொன்ன நாளில் அது பொய்யில்லை.

தறி வந்த பிறகு அது பொய்யாகிவிட்டது. தறியில் இருக்கிறவளுக்குக் காலை இறக்கி மிதிக்க முழங்காலளவு குழியாக ஒரு கிடங்கு வேண்டும். முற்றத்தில் வெட்டினால் பாவு நூல் நனையும். அடுப்படியில் வெட்டினால் நூலில் கரி பிடிக்கும். நூஹு அழாக்குறையாக ஒரு நாள் அறையின் நடுவில் சீமெந்தை உடைத்தான். ஒவ்வொரு அடிக்கும் "யா அல்லாஹ், மன்னிச்சிக்க" என்றான். கிடங்கு வெட்டி முடிந்தபோது தன் ஆயுளுக்குத் தேவையான தௌபாவை அவன் செய்து முடித்திருந்தான்.

தறிச் சத்தம் வெளியே கேட்கும் என்ற பயம் இல்லை. மருதமுனையில் தறி ஓடினால் எவனும் திரும்பிப் பார்க்கமாட்டான். நின்றால்தான் என்ன நடந்தது என்று எட்டிப் பார்ப்பான். பயம் அந்த ஒரு வெள்ளிக்குத்தான். கிடங்கைப் போடியார் கண்டால் அன்றைக்கே பெட்டியைத் தூக்கவேண்டியதுதான். போக்கிடம் றாபியாவின் கூடப்பிறந்த ராத்தா வீட்டு அடுப்படி மூலை. அங்கே தறி போட இடமில்லை. தறி ஓடாவிட்டால் அவர்களுடைய அடுப்பும் எரியாது.

ஆகவே அந்த வெள்ளி வந்தால் நூஹு ஜும்ஆவுக்குப் போகுமுன் தறியைக் கழற்றிக் கட்டைகளை ஓலைக் குவியலுக்குள் செருகுவான். மூலைத் துளைகளைக் களிமண்ணால் அடைத்துக் காவி பூசுவான். கிடங்கின்மேல் றாபியாவின் பழைய வீட்டுக் கதவைப் போட்டுப் பாயை விரிப்பான். ஆனால் போடியார் பாயைக் கண்டு ஏமாறுகிறவர் அல்லர். கறையான் தரைக்குள் நுழைந்துவிட்டதா என்று கைத்தடியால் தட்டிக்கொண்டே வருவார். பாயையும் தட்டுவார். தட்டினால் கிடங்கு தொம்மென்று பதில் சொல்லும்.

அவர் தட்டாத ஒன்று உலகத்தில் இருந்தது. அது படுத்திருக்கிற பிறத்தியார் வீட்டுப் பெண். முதல் மாதம் றாபியா தலையோடு போர்த்துக்கொண்டு பாயில் படுத்தாள். தடியின் சத்தம் முன்வாசலில் தொடங்கி, விறாந்தையைக் கடந்து, அறை வாசலுக்கு வந்து நின்றது.

"ஆரது?"

"பொஞ்சாதி, போடியார். காய்ச்சல்."

போடியார் உடனே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "எழுப்பாத, எழுப்பாத. ஊடு நல்லாத்தான் இரிக்கி" என்று திரும்பிப் போனார். அன்று முழுக்க றாபியாவின் நெஞ்சு அடித்த அடியில் கதவுப் பலகையின் ஆணிகள் இளகிவிட்டதாக நூஹு சொல்லுவான்.

அடுத்த மாதம் தடிச் சத்தம் விறாந்தைக்கு வருமுன்னே அவள் உறங்கிப்போனாள்.

அது நடிப்பல்ல. விடியச் சுபஹோடு எழும்பி, நூல் அவித்து, காயவைத்து, சுற்றி, தறியில் இருந்தால் பின்நேரம் அஸருக்குத்தான் கால் வெளியே வரும். நூஹு துணி சுமந்து ஊர் ஊராகப் போகிறவன், நெய்கிறவள் அவள். இடையில் இரண்டு பிள்ளைகள், கிணறு, சோறு. காலையில் அவள் கண் விழிக்கும்போது முந்தின நாள் களைப்பு அவளுக்கு முன்னே எழும்பிப் பாயில் குந்தியிருக்கும். பகலில் படுப்பதென்றால் என்னவென்று அவளுக்கு மறந்திருந்தது. பிள்ளைகளை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தன்னுடைய சொந்தக் கதவின் மேல், தன்னுடைய கிடங்கின் மண்வாசம் பலகை இடுக்கால் குளிர்ச்சியாக மேலே வர, பட்டப்பகலில் கண்ணை மூடியபோது றாபியா அந்த மாதத்தில் முதல் தடவையாகத் தன் கால்களை மறந்தாள்.

குறட்டை விட்டாள். வாசலில் நின்ற போடியாரின் காதில் அது விழுந்தது.

"பாவம், புள்ள என்ன முனகு முனகுது!"

அதன் பிறகு அவள் அந்த வெள்ளிக்காக நாட்களை எண்ணத் தொடங்கினாள். மற்றவர்கள் பெருநாளுக்கு எண்ணுவதுபோல. நூஹு அப்படி எண்ணவில்லை. ஒவ்வொரு மாதமும் ஒரு புது வருத்தம் தேடும் வேலை அவனுடையது. காய்ச்சல், இடுப்புப் பிடிப்பு, தலைச்சுற்று என்று தனக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துபோக, பாண்டிருப்பு நல்லரெத்தினம் பரிசாரியாரிடம் போனான்.

"என்ன மருந்து வேணும்?" என்றார் பரிசாரியார்.

"மருந்து வேணாம் ஐயா. வருத்தத்திர பேர் ரெண்டு சொல்லுங்க."

நல்லரெத்தினம் பரிசாரியார் மனிதருக்கும் பார்ப்பார், மாட்டுக்கும் பார்ப்பார். சொன்ன பெயர்களில் எது யாருக்கு என்று பிரித்துச் சொல்லவில்லை. அடுத்த வெள்ளி நூஹு, "பொஞ்சாதிக்கு அடைப்பான், போடியார்" என்றான்.

சாகாமத்தில் எருமைப்பட்டி வைத்திருக்கிற போடியார் குடையைக் கீழே வைத்துவிட்டார்.

"அது மாட்டுக்கு வாற வருத்தம்டா."

"பால் வாங்கிக் குடிச்சவ, போடியார். அதால வந்திரிக்கும்."

போடியார் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். வீட்டுக்குப் போய் மனைவி ஹாஜறாவிடம் சொன்னார். ஹாஜறா வெந்தயமும் கருப்பட்டியும் நெய்யும் சேர்த்து இடித்த உருண்டை ஒரு பானை அனுப்பினாள். அதைத் தின்று றாபியாவுக்குக் கன்னம் வைத்தது. தெருப் பெண்கள் வீக்கம் என்றார்கள்.

இப்படியாக ஒரு வருடம் ஓடியது. அதற்குள் ஜெமீலாவுக்குச் சாய்ந்தமருதில் மாப்பிள்ளை பேசினார்கள். பையன் ஆசிரியர் பயிற்சிக்குப் போயிருந்தான். திரும்பி வர இரண்டு வருடம். "பையன் வாற நேரம் வரட்டும், நான் முதல் ஊட்டப் பாக்கணும்" என்றாள் மாப்பிள்ளையின் உம்மா ஜுனைதா.

நோன்புப் பெருநாள் கழிந்து வந்த வெள்ளி, தெருவில் வண்டில் சத்தம் கேட்டது. வெள்ளிக்கிழமை அந்த மாடு நடந்ததை மருதமுனை அன்றுதான் கண்டது. வேலியால் எட்டிப் பார்த்த நூஹு உள்ளே ஓடிவந்தான். றாபியா ஏற்கெனவே உறக்கம்.

"எழும்பு! எழும்பு! பொம்புளையும் வாறாங்க!"

"எழும்பவா?" என்று அவள் கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

"எழும்பாத! எழும்பினா பலக தெரியும்."

"எழும்பச் சொல்லுறீங்களா, வேணாங்கிறீங்களா? நான் படுத்தது இப்பத்தான்."

ஜுனைதா சாதாரண ஆளல்ல. அவள் வண்டிலின் பின்பக்கம் ஏறியபோது முன்பக்கம் எழும்பி மாட்டைக் கழுத்தோடு தூக்கியதாம். மாடு கொஞ்ச நேரம் பக்கத்து ஊர்களையெல்லாம் பார்த்துவிட்டு இறங்கியதாம். இறங்கி முற்றத்துக்கு வந்தவள் சுவரைத் தடவினாள், யன்னலைத் திறந்து மூடினாள், கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துத் துப்பினாள். போடியார் பின்னாலேயே போய்க்கொண்டு தம் பெருமையைப் பாடினார்.

"மாசா மாசம் நானே வந்து பாக்கிற. தரையெல்லாம் தட்டிப் பாக்கிற. இந்த ஊட்டில ஒரு எறும்பு முட்டையிட்டாலும் எனக்குத் தெரியாம இடாது."

"மாசா மாசமா?"

"மழையெண்டாலும் வருவன்."

ஜுனைதாவுக்கு அது பிடித்தது. அறை வாசலுக்கு வந்தாள். போடியார் வழக்கப்படி முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டு நின்றார். ஆனால் பெண்ணுக்கு எந்த வாசலும் அடைப்பில்லை. அவள் நேரே உள்ளே போனாள்.

"ஆரு இது?"

"குடியிரிக்கிற புள்ள. சுகமில்ல" என்றார் போடியார், சுவரைப் பார்த்து.

"என்னகா மகள் வருத்தம்?"

போர்வைக்குள் றாபியா திடுக்கிட்டாள். இந்த மாதத்து வருத்தம் எதுவென்று நூஹு அவளுக்குச் சொல்லவில்லை.

"அவருக்குத்தான் தெரியும்" என்றாள் மெதுவாக.

"ஒன்ட வருத்தம் அவருக்குத் தெரியுமா? நல்ல புருஷன்தான்" என்று சொல்லிக்கொண்டே ஜுனைதா, நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதற்காகப் பாயில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அந்தக் கதவு வெள்ளத்துக்குத் தப்பியது. ஒரு வருடம் றாபியாவைத் தாங்கியது. அதற்குமேல் ஒரு கதவிடம் எதையும் எதிர்பார்ப்பது நியாயமில்லை. அது நடுவால் முறிந்தது. றாபியா ஒரு பக்கம் உருண்டாள். ஜுனைதா மற்றப் பக்கம் இறங்கினாள். இறங்கியவள் விழவில்லை, கிடங்கின் விளிம்பில் குந்தி, கால் இரண்டும் அடியில் கிடந்த மிதிகளின் மேல், நெய்கிறவள் எப்படி இருப்பாளோ அப்படியே இருந்தாள்.

 வாசற் சுவர்த் தவளை ஒருதரம் கத்தியது.

"போடியார், இஞ்ச பாருங்க" என்றாள் ஜுனைதா.

"நான் பாக்கப்படா."

"பாருங்க எண்டு சொல்லுறன்!"

போடியார் திரும்பினார். முறிந்த கதவையும், சதுரமாக வெட்டிய தம் சிவப்புச் சீமெந்தையும், அதற்குள் குந்தியிருந்த சம்பந்தியையும் பார்த்தார். சாகாமத்து வயலில் வெள்ளாமை சாய்ந்த அன்றுகூட அவர் முகம் அப்படிப் போனதில்லை. றாபியா போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு அந்த முகத்தைப் பார்த்தாள். ஒரு வருடமாக அவள் அறிந்தது தடிச் சத்தத்தை மட்டும்தான். அது ஒரு களைத்துப்போன மனிதனின் முகம். வெயிலில் நடந்து வருகிற முகம். 'சரி, முடிஞ்சி. ராத்தாட அடுப்படி மூலைதான்' என்று அவள் நினைத்தாள்.

"இதென்ன கிடங்கு?" என்றாள் ஜுனைதா.

நூஹு வாயைத் திறந்தான். போடியார் தடியைத் தரையில் ஊன்றினார். நூஹு வாயை மூடினான். குடியிருப்பவன் வெட்டியது என்று சொன்னால், மாசா மாசம் வந்து எதைப் பார்த்தீர் என்று அடுத்த கேள்வி வரும். அது அவருக்குத் தெரியும். றாபியாவுக்கும் தெரிந்தது.

"அதா?" என்றார் போடியார். "தறிக்கிடங்கு. மகளுக்கெண்டு நான்தான் வெட்டுவிச்ச."

ஜுனைதா கீழே கிடந்த மிதியைக் காலால் ஒருதரம் அழுத்திப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"ஊட்டோட தறியுமா? இத ஏன் முதல் சொல்லல்ல?"

"சொல்லிக்காட்டுற பழக்கம் எனக்கு இல்ல."

"மறுகா இந்தப் புள்ள ஏன் இதுக்கு மேல படுத்திரிக்கி?"

போடியார் அதற்கும் அசையவில்லை. "காவலுக்கு. புள்ளையள் விழுந்திரும் எண்டு."

"தறி எங்க?"

"வெள்ளிக்கிழமை கழற்றித் துடைக்கிற" என்றான் நூஹு. போடியாருடைய பொய் ஓடுகிற வேகத்துக்குத் தானும் ஓடவேண்டும் என்று அவனுக்கு விளங்கிவிட்டது.

"பூட்டுங்க பாப்பம்."

பூட்டினார்கள். போடியார் தாமே ஓலைக் குவியலுக்குள்ளிருந்து ஒரு கட்டையை இழுத்து வந்தார். அது எங்கே ஒளிந்திருக்கும் என்று அவர் எப்படி அறிந்தார் என்று நூஹு கேட்கவில்லை. ஜுனைதாவைத் தூக்கி எடுத்த பிறகு, ஒரு வருடமாக வருத்தத்தில் கிடந்த றாபியா எழும்பிக் கிடங்கில் காலை இறக்கினாள். நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. ஜுனைதா துணியை விரலால் நிமிண்டிப் பார்த்தாள்.

"இறுக்கம் நல்லா இரிக்கி. இது ஓடிக்கிட்டே இரிக்கணும். கிடந்து போன தறிய என்ட மருமகளுக்கு நான் எடுக்கமாட்டன். அடுத்த தெருவில என்ட மாமிட மகள் இரிக்கா. வந்து போகக்குள்ள நானும் எட்டிப் பாப்பன். வெள்ளிக்கிழமையில வருவன்."

வண்டில் போனது. போடியார் போகவில்லை. கிணற்றடிக்கு நூஹுவைக் கூப்பிட்டார். அவர்கள் கதைத்தது தறியில் இருந்த றாபியாவின் காதில் விழுந்தது.

"என்ட சீமெந்துடா."

"ஓம் போடியார்."

"காகம் சண்ட புடிச்ச சீமெந்து."

"ஓம் போடியார்."

 பிறகு போடியாருடைய குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. "இனி அந்தக் கிடங்க மூடினா அண்டைக்கே ஒன்ன வெளியால போடுவன். கலியாணம் வரைக்கும் தறி நிக்கப்படா. மறுகா மகளுக்குப் புதுத் தறி அடிப்பிச்சிக் குடுக்கிறன், ஒன்ட தறிய நீ கொண்டு போ. அதுவரைக்கும் நான் வெள்ளிக்கு வெள்ளி வருவன். ஓடுதா எண்டு பாக்கணும்."

"மாசத்துக்கு ஒருக்காதானே வருவீங்க?"

"சம்பந்தி எந்த வெள்ளி வருவாவெண்டு எனக்குத் தெரியுமா?"

இரண்டு வருடத்துக்கு வீடு நிச்சயம். நூஹு அன்று மஃரிபுக்குப் பிறகு இரண்டு ரக்அத் கூடுதலாகத் தொழுதான். பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சினான். முறிந்த கதவை அடுப்புக்கு வெட்டட்டுமா என்று கேட்டான். றாபியா வேண்டாம் என்றாள். இரண்டு துண்டுகளையும் சேர்த்துச் சுவரோரம் சாத்திவைத்தாள்.

அடுத்த வெள்ளி காலையில் அவள் நூல் சுற்றிக்கொண்டே, சாத்திவைத்த கதவைப் பார்த்துச் சொன்னாள்: "இஞ்சாருங்க, போடியார் கேட்டா, இன்னும் லேசான காய்ச்சல் இரிக்கி எண்டு சொல்லுங்க."

"என்ன விசர்க் கதை? இனி என்னத்துக்கு வருத்தம்? தப்பிட்டம்தானே!"

ஜும்ஆ முடிந்து தடிச் சத்தம் முன்வாசலில் தொடங்கியது. சுவரை நக்கும் நேரம் கொஞ்சம் அமைதி. பிறகு விறாந்தை. அறை வாசலில் சத்தம் நின்றது. போடியார் முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டு, தறி ஓடுவதைக் கண்ணை மூடிக் கேட்டார். நின்றபடியே அவருக்கு ஒரு நிமிடம் உறக்கம் வந்திருக்கவும் கூடும்.

"புள்ளைக்கு இப்ப எப்பிடி?" என்றார்.

"அல்ஹம்துலில்லாஹ், முழுச் சுகம் போடியார்" என்றான் நூஹு.

உள்ளே தறி ஒரு மிதிக்கு நின்றது. பிறகு ஓடியது.